சுங்கை சிப்புட் ஆலை, சென்னை அலுவலகம், ரோட்டர்டாம் வாடிக்கையாளர்: ஒரே மென்பொருளா, தனித்தனியா?

கேள்வி: ஆலைக்கணக்கு (சுங்கை சிப்புட்)

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ரப்பர் விரிப்பு செய்யும் ஆலை எங்களுடையது. மாட்டுத் தொழுவத்துக்கும் லோரித் தட்டுக்கும் போடும் தடித்த விரிப்புகள். ஆலையில் 40 பேர். சென்னையில் எங்கள் துணை நிறுவனம், 6 பேர். இந்திய விற்பனையும் இரு நாட்டுக் கணக்குப் பதிவும் அங்கேதான் நடக்கிறது. சரக்கில் பாதி ரோட்டர்டாமுக்குப் போகிறது. ஆண்டு விற்பனை சுமார் 8 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்).

இங்கே ஒரு கணக்கு மென்பொருள், சென்னையில் வேறொன்று. கையிருப்பு எக்செலில் இருக்கிறது. கோப்பு வாட்ஸ்அப்பில் போய் வருகிறது. இந்த மாதம் மட்டும் 'இறுதி', 'இறுதி2', 'இறுதி_சரி' என்று மூன்று கோப்புகள். மூன்றிலும் எண்ணிக்கை வேறு. சென்னைப் பிள்ளைகள் இங்குள்ள மென்பொருளைத் தூரத்திலிருந்து திறந்தால் ஒரு திரைக்கு அரை நிமிடம் ஆகிறது.

ஒரே பெரிய ஈஆர்பி (கணக்கு, கையிருப்பு, விற்பனை எல்லாவற்றையும் சேர்த்து நடத்தும் மென்பொருள்) வாங்கிவிடலாம் என்கிறார் முதலாளி. மூன்று விலைப்புள்ளிகள் வந்துவிட்டன. வாங்கலாமா? வாங்கினால் சர்வரை எந்த நாட்டில் வைப்பது? முதலில் எதைச் செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: மூலப்பதிவு (ஈப்போ)

விலைப்புள்ளிகளை ஒரு மாதம் மூடி வையுங்கள். ஒரே விரிப்புக்கு ஆலையில் ஒரு பெயர், சென்னையில் ஒரு பெயர், ரோட்டர்டாம் ஆர்டரில் இன்னொரு பெயர் இருந்தால், எந்த ஈஆர்பி வந்தாலும் மூன்றையும் அப்படியே விழுங்கிக்கொள்ளும். கையிருப்பு அங்கேயும் மூன்றாகத்தான் பிரிந்து நிற்கும்.

ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் பதிவு வகைகள்: பொருள், வாடிக்கையாளர், விற்பனையாளர், வங்கி விவரம், விலை, நாணய மாற்று விகிதம், பணியாளர். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். பொருள் குறியீடு ஆலைக்குச் சொந்தம் என்றால் சென்னையில் யாரும் புதுக் குறியீடு திறக்க முடியாது. கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான். இந்தத் தாளில் முதலாளி கையெழுத்துப் போடட்டும். இது இல்லாமல் தொடங்கிய திட்டம் மூன்றாம் மாதத்தில் 'உங்கள் எண் தவறு, எங்கள் எண் சரி' என்ற சண்டையில் போய் நிற்கும்.

அடுத்தது அளவு. ஆலை எண்ணிக்கையிலும் கிலோவிலும் பேசும், சென்னை சதுர அடியில் விற்கும், ரோட்டர்டாம் சதுர மீட்டரில் கேட்கும். அடிப்படை அலகு ஒன்றே இருக்கட்டும். உங்கள் தொழிலுக்கு எண்ணிக்கைதான் சரி. மற்றவை மாற்றுக் காரணியாகப் பொருள் பதிவிலேயே இருக்க வேண்டும். யாரும் கால்குலேட்டரில் மாற்றித் தட்டக் கூடாது.

சுங்கக் குறியீட்டையும் பொருள் பதிவிலேயே வையுங்கள். ரப்பர் தரை விரிப்பு உலகம் முழுக்க 4016.91. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்று. அதையும் சேர்த்து மொத்தம் மலேசியாவில் 10 இலக்கம், இந்தியாவில் 8, ஐரோப்பிய இறக்குமதியில் 10. எனவே ஆறு இலக்கத்துக்குப் பொதுவாக ஒரு பத்தி, நாட்டுக்கு ஒன்றாக மூன்று பத்திகள். ஒரே பத்தியில் எல்லாவற்றையும் திணித்தால் கே2 என்ற மலேசிய ஏற்றுமதிச் சுங்கப் படிவத்தில் இந்தியக் குறியீடு வந்து நிற்கும்.

எக்செலிலிருந்து மாற்றும்போது கெட்டுப்போகும் இடங்கள் இவை. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் அடையாள அட்டை எண் பூச்சியத்தில் தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு பூச்சியத்தைத் தின்றுவிடும், 12 இலக்கம் 11 ஆகிவிடும். கெடா, பெர்லிஸ் அஞ்சல் குறியீடுகளுக்கும் இதே கதி. 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணில் மீதி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும். ஆகவே கோப்பை நேராகத் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக அந்தப் பத்திகளை எழுத்து வகையாகக் குறித்த பிறகே எடுங்கள்.

நம் பெயர்களில் தந்தை பெயருக்கு முன்னால் வரும் சாய்கோட்டையும் கவனியுங்கள். அடையாள அட்டையில் இருப்பதுபோல ஏ/எல், ஏ/பி என்று பெயர் ஏறியிருக்கும். சம்பளச் சீட்டைப் பெயரை வைத்துக் கோப்பாக்கினால், அந்தச் சாய்கோட்டை மென்பொருள் கோப்புறைப் பிரிவு என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பணியாளருக்கு மட்டும் சீட்டு உருவாகாது. சென்னையில் பதிந்தவர் கோட்டை எடுத்துவிட்டு எழுதியிருந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். பெயரைத் திருத்தாதீர்கள், அது அவருடைய சட்டப்படியான பெயர். பணியாளர் எண்ணைத் திறவுகோலாக்கி, கோப்புப் பெயரில் எண்ணை மட்டும் வையுங்கள்.

என் கருத்து: 46 பேருக்குப் பெரிய ஈஆர்பி தேவையில்லை. இரண்டு நாட்டுச் சட்டக் கணக்கும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆர்டர், கையிருப்பு, உற்பத்தித் தொகுதி மூன்றையும் உலாவியில் இயங்கும் ஒரு பொது அமைப்புக்குக் கொண்டு வாருங்கள். மாத முடிவில் இரண்டு இருப்புச் சோதனைப் பட்டியலையும் (டிரயல் பேலன்ஸ்) ஒரு பொருத்த அட்டவணை வழியாகச் சேர்த்தால் போதும்.

மாறும் தேதியையும் யோசித்து வையுங்கள். சென்னைக்கு மார்ச் 31-ல் ஆண்டு முடியும். உங்களுக்கு டிசம்பர் 31 என்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை யாருக்கும் கை ஓயாது. தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரமும் வேண்டாம். போனஸ், லீவு, அவசர ஆர்டர் எல்லாம் ஒன்றாக வந்து விழும். ஜூலை 1 நல்ல நாள். மே, ஜூன் இரண்டு மாதமும் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும்.

பதில் 2: இருபக்கப்பேரேடு (கிள்ளான்)

மூலப்பதிவு அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. ஆலைக்கும் சென்னைக்கும் இடையே மாதம் எத்தனை விலைப்பட்டியல் போகிறது என்று முதலில் எண்ணுங்கள். பத்துக்குள் இருந்தால் தனித்தனி மென்பொருளே போதும். ஐம்பதைத் தாண்டினால், இங்கே விற்பனையாகவும் அங்கே கொள்முதலாகவும் இரண்டு தடவை தட்டும் ஒவ்வொன்றும் பிழைக்கு வழி. நாணய மாற்று விகிதத்தை இங்கே ஒரு நாளும் அங்கே வேறு நாளும் எடுப்பார்கள்; ஆண்டுக் கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துவராது. அந்த அளவு இருந்தால் பல நிறுவனங்களை ஒன்றாக நடத்தக்கூடிய ஒரே மென்பொருள்தான் சரி. வாங்குமுன் விற்பவரிடம் ஒரு சோதனை கேளுங்கள்: வெள்ளியில் ஒரு விலைப்பட்டியல் போட்டு, சென்னைக் கணக்கில் ரூபாயில் தானாக ஏற வேண்டும். பிறகு அதை ரத்து செய்து காட்டச் சொல்லுங்கள். போடுவதை எல்லோரும் காட்டுவார்கள். ரத்து செய்யும்போதுதான் உண்மை வெளியே வரும்.

பதில் 3: வரிக்கட்டம் (பினாங்கு)

சர்வர் எந்த நாட்டில் என்ற கேள்விக்குச் சட்டப் பக்கத்திலிருந்து.

இந்தியாவில் பதிவான நிறுவனத்தின் கணக்கு மின்வடிவில் வெளிநாட்டில் இருக்கலாம். ஆனால் அதன் காப்புப் பிரதி ஒவ்வொரு நாளும் இந்தியாவுக்குள் உள்ள ஒரு சர்வரில் இறங்க வேண்டும். 2022 ஆகஸ்டுக்கு முன் 'அவ்வப்போது' என்றிருந்ததை அப்போது 'தினமும்' என்று மாற்றினார்கள். அதோடு 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் பதிவாக வேண்டும். அந்தத் தடத்தை நிறுத்தும் வசதியே இருக்கக் கூடாது. உங்கள் மூன்று விலைப்புள்ளிகளில் இந்த இரண்டும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை ஒதுக்கிவிடலாம்.

ஆவணங்களை மலேசியாவில் 7 ஆண்டும், இந்தியாவில் கணக்கேடுகளை 8 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். தானாக அழிக்கும் காலத்தை நீளமான கணக்கில் வையுங்கள்.

மின் விலைப்பட்டியல்: மலேசியாவில் 2022 கணக்காண்டின் விற்பனையை வைத்துக் கட்டம் பிரித்தார்கள். அது 5 முதல் 25 மில்லியன் வெள்ளிக்குள் இருந்தால் 2025 ஜூலை 1-லிருந்து கட்டாயம். ஏற்றுமதி விலைப்பட்டியலும் இதில் அடக்கம். ரோட்டர்டாம்காரருக்கு மலேசிய வரி எண் இருக்காது; அந்தக் கட்டத்தில் வெளிநாட்டு வாங்குபவருக்கான பொது எண், அதாவது 20-ல் முடிவது, போக வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளருக்கு உள்ளது 30-ல் முடியும். இரண்டையும் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சென்னை உங்களுக்கு அனுப்பும் சேவைக் கட்டண விலைப்பட்டியலுக்கு நீங்களே உங்களுக்கு ஒரு மின் விலைப்பட்டியல் போட வேண்டும். பணம் கொடுத்தது, விலைப்பட்டியல் வந்தது, இதில் எது முந்தியோ அந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசி வரை கெடு.

நேரம்தான் எல்லோரும் வழுக்கும் இடம். மைஇன்வாய்ஸ் (மலேசிய வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் தளம்) வெளியீட்டு நேரத்தை உலகப் பொது நேரத்தில் எடுக்கிறது. நம் நேரத்திலிருந்து 8 மணி நேரம் பின்னால். மாதத்தின் முதல் தேதி காலை 7.30-க்கு லோரி ஏற்றி விலைப்பட்டியல் போட்டால், அது முந்தைய மாதக் கடைசித் தேதி இரவு 11.30 ஆகிவிடும். உங்கள் பேரேட்டில் ஒரு மாதம், வாரியத்தில் வேறு மாதம். முதல் தேதியில் காலை 8 மணிக்கு முன் விலைப்பட்டியல் கிடையாது என்று விதி வைத்துவிடுங்கள்.

ரத்துக் கெடுவும் நாட்டுக்கு நாடு வேறு. இங்கே சரிபார்ப்பு முடிந்ததிலிருந்து 72 மணி நேரம். இந்தியாவில் 24 மணி நேரம்; அங்கே 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் மின் விலைப்பட்டியல் உண்டு. ஒரே ஆள் இரண்டு நாட்டுக்கும் பதிந்தால் இந்த இரண்டு எண்ணையும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கெடு தாண்டினால் கழிவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) போட வேண்டியிருக்கும்.

தரவு திருட்டுப் போனாலும் இதே வேறுபாடு. இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பதிவேட்டுத் தடம் 180 நாள் இருக்க வேண்டும். மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கும் தனிநபர் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும்.

ஆலைக்கணக்கு:

மூவருக்கும் மிக்க நன்றி. எண்ணிப் பார்த்தேன். சென்னைக்கு மாதம் 14 விலைப்பட்டியல்தான் போகிறது, ஐம்பதுக்கு வெகு கீழே. ஆகவே முதல் பதிலில் சொன்ன வழியையே முதலாளியிடம் வைக்கிறேன்.

இன்னொன்று. ரோட்டர்டாமிலிருந்து 'ரப்பர் எந்த நிலத்தில் விளைந்தது, வரைபடப் புள்ளி அனுப்புங்கள்' என்று கேட்கிறார்கள். எங்களுக்கு இரண்டு தோட்டங்களிலிருந்தும் சுமார் 70 சிறுதோட்டக்காரர்களிடமிருந்தும் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) வருகிறது. தோட்டத்தில் பழைய நில அளவை வரைபடம் இருக்கிறது. சிறுதோட்டக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்கள். இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில் 4: நிலவரை (தைப்பிங்)

அது ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம், 2023/1115. இயற்கை ரப்பரில் செய்த விரிப்பும் அதில் வரும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது. அமலாகும் தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 70 பேரிடம் புள்ளி எடுக்க ஒரு பருவம் ஆகும்.

முதலில் நிம்மதி தரும் செய்தி. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்குத்தான் எல்லைக்கோடு முழுதும் தேவை. அது 10 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் அடங்கும் நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். உங்கள் சிறுதோட்டக்காரர்களில் பெரும்பாலோர் 5, 6 ஏக்கர்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

புள்ளி நிலத்துக்குள் விழ வேண்டும். பால் கொட்டாயில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று அங்கே நின்று எடுத்துவிடுவார்கள். பத்துப் பேர் நிலமும் ஒரே புள்ளியில் வந்து குவியும். மர நிழலில் கைப்பேசி பத்து மீட்டருக்கு மேல் தடுமாறும். நிலத்துக்குள்ளேயே வெட்டவெளியாக உள்ள இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, துல்லியம் 5 மீட்டருக்குள் வந்ததும் பதியச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் இடக்குறிப்பு கழன்றுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தங்கும். இந்த ஒரு வரியை முதலில் 70 பேருக்கும் தமிழிலும் மலாயிலும் அனுப்பிவிடுங்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வேண்டும். எக்செல் கடைசிப் பூச்சியங்களை விழுங்கி 4.820000-ஐ 4.82 ஆக்கிவிடும். எழுத்து வகைப் பத்தியில் வையுங்கள். அனுப்பும் கோப்பு ஜியோஜேசன், வரைபடப் புள்ளிகளுக்கான கோப்பு வகை. அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. சுங்கை சிப்புட் பக்கம் என்றால் 101 முதலில், 4 பிறகு. கைப்பேசி காட்டுவது இதற்கு நேர்மாறு. தலைகீழாகப் போட்டால் அட்சரேகை 101 என்றாகிவிடும். அப்படி ஒரு இடம் பூமியில் கிடையாது, கோப்பு திரும்பி வரும். எல்லைக்கோட்டில் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். கோடு தன்னைத்தானே வெட்டக் கூடாது.

தோட்டத்துப் பழைய வரைபடத்தில்தான் பெரிய ஆபத்து. பழைய அளவைகள் கெர்டாவ் 1948 என்ற பழைய நில அளவை அடிப்படையில் இருக்கும். கோப்பு கேட்பது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84. எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் நிலம் முழுதும் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து விழும். காட்டு ஓரத்தில் இருக்கும் டிவிஷன் என்றால் செயற்கைக்கோள் படத்தில் அது காட்டுக்குள் நிற்கும். குற்றமே இல்லாத தோட்டம் காடழித்த தோட்டமாகத் தெரியும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். அதில் மூல அடிப்படையைச் சரியாகக் குறித்து மாற்றிவிட்டு, தோட்டத்து மூலைக்கல் இரண்டில் நேரில் நின்று ஒத்துப் பாருங்கள்.

கணினியை விட முக்கியமான ஒன்று: கலப்பு. நிலம் தெரியாத கட்டிப்பால் ஒரு மூட்டை தொட்டியில் விழுந்தால் அந்தத் தொகுதி முழுதும் ஐரோப்பாவுக்குப் போக முடியாது. விழுக்காட்டுக் கணக்குப் போட்டுத் தப்பவும் சட்டம் இடம் தரவில்லை. எனவே எடை போடும் இடத்திலேயே சிறுதோட்டக்காரரின் பாட்-ஜி அட்டை (ரப்பர் விற்பனை அனுமதி அட்டை) எண், எடை, உலர் ரப்பர் விழுக்காடு, நேரம் நான்கையும் பதிந்து, தொட்டி எண்ணோடு கட்டிவிடுங்கள். தொட்டி எண்ணிலிருந்து உற்பத்தித் தொகுதி, அதிலிருந்து கன்டெய்னர். ரோட்டர்டாம் ஒரு கன்டெய்னரைச் சுட்டிக் கேட்டால் அதற்குள் போன நிலங்களின் பட்டியல் ஐந்து நிமிடத்தில் வர வேண்டும். மூலப்பதிவு சொன்ன பொது அமைப்பை வாங்கும்போது இதையே சோதனையாக வையுங்கள்.

பதில் 5: இடிதாங்கி (கோலகங்சார்)

அரை நிமிடத் திரைக்குக் காரணம் உங்கள் லைன் வேகம் குறைவாக இருப்பது இல்லை. மேசைக் கணினிக்கென்று எழுதிய கணக்கு மென்பொருள், ஒரு திரையைத் திறக்கச் சர்வரை நூற்றுக்கணக்கான முறை கேட்கும். ஆலைக்குள் ஒரு கேள்வி போய்வர அரை மில்லிசெகண்டு. 500 கேள்விக்குக் கால் வினாடி. சென்னையிலிருந்து ஒரு கேள்விக்கு 60 மில்லிசெகண்டு என்று வைத்தால் 30 வினாடி. 100 எம்பியை 500 எம்பி ஆக்கினாலும் இது மாறாது. மென்பொருள் ஆலையிலேயே ஓடட்டும், திரை மட்டும் சென்னைக்குப் போகட்டும். அதாவது விபிஎன்னுக்குள் (வெளியார் நுழைய முடியாத தனி இணைப்பு) ரிமோட் டெஸ்க்டாப். அதை நேராக இணையத்தில் திறந்து வைப்பதும் கதவைத் திறந்துவிட்டுத் தூங்குவதும் ஒன்று.

நம் பக்கம் மாலை இடி தெரிந்த விஷயம். கண்ணாடி இழையில் மின்னல் வராது. மின்சாரக் கம்பியிலும், எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஓடும் செப்புக் கேபிளிலும்தான் வரும். இரு கட்டடத்தின் நில இணைப்பு மின்னழுத்தம் அந்த நொடியில் வேறுபடுவதால் ஸ்விட்ச் கருகும். கட்டடங்களுக்கு இடையே இழைக் கேபிள் போடுங்கள். பிரதான மின்பெட்டியில் இரண்டாம் வகை மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும். நில இணைப்புத் தடை 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று வயரிங்காரரை அளக்கச் சொல்லுங்கள்.

யுபிஎஸ் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழ் வைக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் பாதியாகும். பால் இறக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரித்து, கேபிள் முனைகள் பச்சை பூத்துவிடும்.

இரண்டாவது லைன் வேறு கம்பெனியுடையதாக, வேறு வகையாக இருக்கட்டும். ஒன்று இழை என்றால் மற்றது கைப்பேசி வலை. மாதம் ஒரு தடவை முதல் லைன் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டாவது தானாக எடுக்கிறதா பாருங்கள். எடை போடும் கணினி மட்டும் எந்த லைனும் இல்லாமலே பதிந்து, பிறகு அனுப்பும்படி இருக்க வேண்டும். மழையில் லைன் போனது என்று பால் கொண்டுவந்தவரைக் காக்க வைக்க முடியாது.

பதில் 6: இருகையொப்பம் (சிரம்பான்)

யாரும் சொல்லாததால் சேர்க்கிறேன். நாடு தாண்டிய வியாபாரத்தில் பணம் போகும் வழி மின்னஞ்சல். ரோட்டர்டாம் பெயரிலோ உங்கள் பெயரிலோ ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து, 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று கடிதம் வரும். பழைய கடிதத் தொடருக்குப் பதிலாகவே வருவதால் சந்தேகம் எழாது. எல்லா அஞ்சல் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்புப் போடுங்கள். யார் அஞ்சலாவது தானாக வெளியே திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை விதிகளைப் பாருங்கள். உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும்; உங்கள் பெயரில் போலி அஞ்சல் போவதைத் தடுக்கும் அமைப்புகள் இவை. டிமார்க்கை முதல் சில வாரம் கண்காணிப்பில் மட்டும் வைத்து, அறிக்கையில் உங்கள் சொந்த அனுப்புநர்கள் எல்லாரும் தேறிய பிறகு 'நிராகரி' நிலைக்கு ஏற்றுங்கள். முதல் நாளே ஏற்றினால் உங்கள் விலைப்பட்டியல் அஞ்சலே தடைபடும்.

வங்கி விவரம் மாற்ற இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பதிய, ஒருவர் ஒப்ப. ஒப்புபவர் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும். ரோட்டர்டாம் குளிர்காலத்தில் 7 மணி நேரம், கோடையில் 6 மணி நேரம் நமக்குப் பின்னால். ஆகவே கணக்கு மாற்றம் கேட்ட அன்று பிற்பகல் 4 மணிக்கு முன் எந்தப் பணமும் போகக் கூடாது என்று எழுதி வையுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அனுப்பிய வங்கியை அந்த நிமிடமே அழைத்துத் திரும்பப் பெறும் கோரிக்கை போடச் சொல்லுங்கள். மோசடிப் புகார் எண்ணுக்கும் அழையுங்கள்: மலேசியக் கணக்கிலிருந்து போயிருந்தால் 997, சென்னைக் கணக்கிலிருந்து போயிருந்தால் 1930. இந்த எண்களோடு இரு வங்கிக் கிளைகளின் நேரடி எண்ணையும் காகிதத்தில் அச்சிட்டு, இங்கும் சென்னையிலும் கணக்கு மேசையில் ஒட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் அஞ்சல் பெட்டியே பூட்டப்பட்டிருக்கும்.